கை கழுவியதைப் பார்க்காத நாளுக்கு டிக் போடலாமா?

கேள்வி: நான் 120 படுக்கைகள் உள்ள ஒரு மருத்துவமனையில் 14 வருடமாக நர்ஸ். போன வருடம் என்னைத் தரப் பிரிவுக்கு மாற்றினார்கள். சர்வதேச அங்கீகாரத்துக்கு நிர்வாகம் விண்ணப்பித்திருக்கிறது. ஆய்வுக்கு இன்னும் 5 மாதம்தான். இதுவரை நான் செய்ததெல்லாம் பேப்பர் வேலை. போன வாரம் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, கைகழுவல் கண்காணிப்புப் படிவங்கள் மூன்று மாதத்துக்குக் காலியாக இருக்கின்றன, உட்கார்ந்து நிரப்பிவிடுங்கள் என்றார். இன்னும் நிரப்பவில்லை. வார்டில் இருக்கும் தோழிகளோ, “உங்கள் ஃபைலால் நோயாளியைப் பார்க்கவே நேரமில்லை” என்கிறார்கள். அது பொய்யும் இல்லை. இந்தச் சான்றிதழால் நோயாளிக்கு உண்மையிலேயே நன்மை உண்டா? உலகம் முழுக்க இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நான் படிவத்தை நிரப்புவதா, மறுப்பதா, பேசாமல் வார்டுக்கே திரும்பிவிடுவதா? இன்னொன்று: ஆய்வாளர் நேரில் வந்து கேள்வி கேட்பார் என்றதும் துப்புரவுப் பணியாளர்கள் நடுங்குகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்லட்டும்?

பதில்:

வணக்கம் சிஸ்டர்.

முதலில் அந்தப் படிவம். நிரப்பாதீர்கள்.

கேஸ் ஷீட்டில் ஒரு குறிப்பு விட்டுப்போனால் அதைப் பிறகு எழுத ஒரு நேர்மையான வழி இருக்கிறது. இன்றைய தேதியும் நேரமும் போட்டு, ‘தாமதப் பதிவு’ என்று எழுதி, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடலாம். ஏனென்றால் நடந்தது நடந்ததுதான், எழுதத்தான் தாமதம். கைகழுவல் படிவம் அப்படி இல்லை. ஒருவர் வார்டில் நின்று, இந்த டாக்டர் நோயாளியைத் தொடுமுன் கையைச் சுத்தம் செய்தாரா, இந்த நர்ஸ் ஊசி போடுமுன் செய்தாரா என்று கண்ணால் பார்ப்பதுதான் அந்தப் பதிவு. பார்க்கவில்லை என்றால் பதிவே இல்லை. மூன்று மாதத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமையை இன்றைக்கு யாரும் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. நீங்கள் நிரப்பினால் அது கற்பனைக் கணக்கு, அதன் கீழே உங்கள் கையெழுத்து.

மாட்டிக்கொள்வீர்கள் என்பது இரண்டாவது காரணம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் பல வருடம் ஆய்வாளராகப் போயிருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து நிரப்பிய படிவம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். 90 நாளும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே கோணத்தில் டிக். மடிப்பு இல்லை, கறை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த எண்: 97 சதவீதம், 98 சதவீதம். 2010இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 96 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. மருத்துவமனைகளில் கைச்சுத்தம் கடைப்பிடிக்கப்படுவதன் இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், 40 சதவீதம் என்று அதில் தெரியவந்தது. வளர்ந்த நாடுகளின் மருத்துவமனைகளிலேயே அப்படித்தான். எனவே 98 என்று எழுதியிருக்கும் தாளைப் பார்த்தால் அனுபவமுள்ள ஆய்வாளருக்கு வரும் சந்தேகம் அந்த ஒரு தாளோடு நிற்காது, நீங்கள் உண்மையாகச் செய்த மற்ற வேலைகள் மீதும் விழும்.

மேலாளரிடம் போய் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அந்த மூன்று மாதம் பார்க்கவில்லை, அதை அப்படியே ஒத்துக்கொள்வோம். நாளையிலிருந்து பார்க்க ஆரம்பிக்கிறேன். முதல் மாதம் 45 சதவீதம் வரலாம். என்ன செய்தோம் என்று எழுதி, ஐந்தாம் மாதம் 65 காட்டலாம்.” முதல்முறை வரும் மருத்துவமனையிடம் ஆய்வாளர்கள் எதிர்பார்ப்பது இந்த மாதிரி ஒரு பயணத்தைத்தான். காலியாக இருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு குறை எழுதுவார்கள். அதைச் சரிசெய்ய அவகாசம் தருவார்கள். பொய்க்கணக்கு பிடிபட்டால் அங்கே அவகாசம் என்ற பேச்சே இருக்காது.

எனக்கு மறக்க முடியாத ஒரு நாள் உண்டு. ஒரு மருத்துவமனையில் அவசர சிகிச்சை டிராலியின் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். ஒவ்வொரு ஷிஃப்டிலும் சரிபார்த்ததாக வரிசையாக டிக். ஒரு நாள்கூட விடுபடவில்லை. டிராலியைத் திறந்து, தொண்டைக்குள் குழாய் போட உதவும் லாரிங்கோஸ்கோப்பை எடுத்து விரித்தேன். விளக்கு எரியவில்லை. பேட்டரி அறையைத் திறந்தால் உள்ளே துரு. ஒரு நாளில் பிடிக்கிற துரு இல்லை அது. கூட நின்ற இளம் நர்ஸின் முகம் வெளிறிப்போனது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் டிக் போடத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், விளக்கை எரியவைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றிரவு மூச்சு நின்ற ஒருவரை அந்த வார்டுக்குக் கொண்டுவந்திருந்தால் அந்த ரிஜிஸ்டரால் அவருக்கு என்ன பயன்? உங்கள் காலிப் படிவத்தை நான் அந்த டிராலியோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். காலிப் படிவம் ஒரு விஷயத்தையாவது சரியாகச் சொல்கிறது: இங்கே யாரும் பார்க்கவில்லை என்று.

இனி உங்கள் பெரிய கேள்வி. உலகம் முழுக்க ஏன் இதற்கு இவ்வளவு மதிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் வேலையையே வேறு கண்ணால் பார்ப்பீர்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். அவர் கேட்டது மிக எளிமையான கேள்வி. ஆபரேஷன் செய்து அனுப்பிவிடுகிறோம், அந்த நோயாளி ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்? குணமாகவில்லை என்றால் ஏன்? ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை வைத்து, பின்தொடர்ந்து, முடிவை எழுதி, அதை ஊருக்கே தெரியும்படி வெளியிட வேண்டும் என்றார். அவர் வேலை பார்த்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இது எடுபடவில்லை. 1914இல் அங்கிருந்து விலகினார். தன்னுடைய சின்ன மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுப் போன 337 நோயாளிகளின் விவரத்தைத் தானே வெளியிட்டார். அதில் 123 பிழைகள் நடந்ததாகத் தானே எழுதினார். யாரும் கேட்காமல், தன் பெயரைப் போட்டு, தன் கைத்தவறையும் சேர்த்து எழுதினார். நூறு வருடம் கழித்தும் இதைச் செய்யத் துணிகிற மருத்துவமனைகள் குறைவு.

அவருடைய யோசனையின் ஒரு பகுதியை அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி எடுத்துக்கொண்டது. 1917இல் ‘குறைந்தபட்சத் தரம்’ என்று ஒன்றை வகுத்தார்கள். இன்றைய தடித்த புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும், அது ஒரே பக்கம்தான். மருத்துவர்கள் ஓர் அமைப்பாக இயங்க வேண்டும், தகுதியும் நேர்மையும் உள்ளவர்களாக இருக்க வேண்டும், கூடி உட்கார்ந்து தங்கள் வேலையை அலச வேண்டும், ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான பதிவு இருக்க வேண்டும், ஆய்வகமும் எக்ஸ்ரேயும் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அடுத்த வருடம் 100 படுக்கைக்கு மேல் உள்ள 692 மருத்துவமனைகளை நேரில் போய்ப் பார்த்தார்கள். தேறியவை 89.

தேறாதவற்றில் பேர்பெற்ற பெரிய மருத்துவமனைகளும் இருந்தன. 1919இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூட்டம். பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று அந்த ஹோட்டலின் கொதிகலன் அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்கள். எண்ணிக்கையை மட்டும் அறிவித்தார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் மேலாளருக்கு இருக்கும் பயம் புதியது இல்லை. அந்த முதல் ஆய்வின் பட்டியலே அந்தப் பயத்தில்தான் தீக்குப் போனது. உண்மை நிலவரம் வெளியே தெரிந்தால் பெயர் கெட்டுவிடும் என்ற அதே பயம். ஆனாலும் ஆய்வை அவர்கள் விட்டுவிடவில்லை. வருடாவருடம் போய்ப் பார்த்தார்கள். 1950 வாக்கில் தேறிய மருத்துவமனைகள் 3,200ஐத் தாண்டின. 1951இல் அந்த வேலையைத் தொடர ஒரு கூட்டு அமைப்பு உண்டானது. அதுதான் இன்றைய ஜாயின்ட் கமிஷன். 1965இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குச் சட்டம் வந்தபோது, இந்த அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை அரசின் நிபந்தனைகளை நிறைவேற்றியதாகவே கொள்ளப்படும் என்று எழுதினார்கள். அங்கீகாரத்தோடு பணம் சேர்ந்தது அப்போதுதான். நல்லதும் கெட்டதும் இரண்டும் அங்கிருந்து தொடங்குகின்றன என்பது என் கருத்து.

அப்புறம் உலகம் முழுக்கப் பரவியது. கனடா 1950களின் இறுதியில் அந்தக் கூட்டு அமைப்பிலிருந்து பிரிந்து சொந்த அமைப்பை வைத்துக்கொண்டது. ஆஸ்திரேலியா 1974இல் தொடங்கியது. பிரான்ஸ் 1990களில் எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் அரசின் தர ஆணையமே போய்ப் பார்த்து, மிகச் சிறப்பு, நன்று, முன்னேற்றம் தேவை, போதாது என்று நான்கு தரம் போட்டு ஊரறிய வெளியிடுகிறது. இந்தியாவுக்கு என்ஏபிஹெச் என்ற தேசிய அங்கீகார அமைப்பு இருக்கிறது. ஜாயின்ட் கமிஷனின் வெளிநாட்டுப் பிரிவான ஜேசிஐ 1994இல் தொடங்கி, 1999இல் பிரேசிலின் சாவோ பாலோவில் ஒரு மருத்துவமனைக்கு முதல் சான்று கொடுத்தது. இந்த அங்கீகார அமைப்புகளின் தரத்தை யார் பார்ப்பது என்று கேட்டால் அதற்கும் வழி உண்டு. 1985இல் தொடங்கிய இஸ்குவா என்ற உலகக் கழகத்தின் வழியாக, அங்கீகாரம் கொடுப்பவர்களும் ஆய்வுக்கு உட்படுகிறார்கள்.

உங்கள் நிர்வாகத்தில் பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் என்பது மருத்துவமனை நடத்தவே அரசு தரும் அனுமதி. ஐஎஸ்ஓ 9001 என்பது எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் மேலாண்மைச் சான்று, பேனா செய்யும் தொழிற்சாலையும் அதை வாங்கலாம். அங்கீகாரம் என்பது மருத்துவமனைக்கென்றே எழுதிய தரங்களை வைத்து, மருத்துவமனை வேலை தெரிந்தவர்கள் நேரில் வந்து பார்ப்பது. சுவரில் மாட்டும்போது மூன்றும் ஒரே மாதிரிச் சட்டத்துக்குள் இருப்பதால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

சரி, இதனால் நோயாளிக்கு நன்மை உண்டா?

இந்தக் கேள்விக்குச் சுவரொட்டியில் எழுதுகிற மாதிரி ஒரு பதிலை நான் உங்களுக்குத் தர மாட்டேன். இருக்கும் சான்றுகளை அப்படியே வைக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நட்டாலில் 20 மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் அங்கீகாரத் திட்டத்தில் சேர்த்தார்கள். முடிவு 2003இல் வந்தது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் தரங்களைப் பின்பற்றுவது 38 சதவீதத்திலிருந்து 76க்கு ஏறியது. சேராதவை 37இலிருந்து 38. அதாவது, அங்கீகாரத் திட்டம் மருத்துவமனையை நிச்சயமாக அசைக்கிறது. ஆனால் நோயாளிகள் சம்பந்தப்பட்ட தர அளவீடுகளைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது இந்த ஏற்றம் பெரிதாகத் தெரியவில்லை.

2018இல் அமெரிக்காவில் சுமார் 4,400 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டார்கள். தனியார் அமைப்பின் அங்கீகாரம் பெற்றவை ஒரு பக்கம், மாநில அரசின் ஆய்வோடு நிறுத்திக்கொண்டவை இன்னொரு பக்கம். பொதுவான நோய்களில் சேர்ந்த 30 நாளுக்குள் இறப்பு ஒரு பக்கம் 10.2 சதவீதம், மறுபக்கம் 10.6. வித்தியாசம் இருக்கிறது என்று புள்ளியியல் கணக்கில் சொல்ல முடியாத அளவுதான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள், இரண்டு பக்கத்தையும் யாரோ ஒருவர் வெளியிலிருந்து வந்து பார்க்கத்தான் செய்கிறார். எனவே ஆய்வே வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றில் யாருடைய முத்திரை என்பது நோயாளியின் உயிரைத் தீர்மானிப்பதில்லை என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது ஆய்வுதான் என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தது. ஜாயின்ட் கமிஷன் 2006 முதல் சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு வரத் தொடங்கியது. அப்படி ஆய்வாளர்கள் வந்திருந்த வாரத்தில் அனுமதியான நோயாளிகளையும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்களில் அனுமதியானவர்களையும் ஒப்பிட்டு 2017இல் ஒரு கட்டுரை வந்தது. சாதாரண வாரங்களில் 30 நாள் இறப்பு 7.21 சதவீதம். ஆய்வாளர் இருந்த வாரங்களில் 7.03. சின்ன வித்தியாசம்தான், ஆனால் லட்சக்கணக்கான நோயாளிகளில் எத்தனை உயிர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் புதிய மருந்து வரவில்லை, புதிய கருவி வரவில்லை. அதே டாக்டர்கள், அதே நர்ஸ்கள், அதே கட்டடம். யாரோ பார்க்கிறார்கள் என்பதால் எல்லாரும் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருந்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் கவனம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வாளர் கிளம்பிப் போனதும் அதையும் அனுப்பிவைத்துவிடுகிறோம். அபுதாபியில் ஒரு மருத்துவமனையின் அளவீடுகளை மாதம் மாதமாகப் பின்தொடர்ந்த ஓர் ஆராய்ச்சியிலும், ஆய்வாளர் வருகைக்கு முன் ஏறிய எண்கள் சான்று கிடைத்த கொஞ்ச நாளில் இறங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆக, என் தொழில் அனுபவமும் இந்த ஆய்வுகளும் சேர்ந்து சொல்வது இதுதான். சான்றிதழுக்குத் தானாக எந்தச் சக்தியும் கிடையாது. ஆனால் அதற்காக ஓடுகிற இந்த ஐந்து மாதம் உங்களைப் போன்ற ஒருவருக்கு அபூர்வமான வாய்ப்பு. சாதாரண நாளில் நீங்கள் ஒரு நர்ஸாகப் போய்க் கேட்டால் கிடைக்காத பணமும், ஆளும், டாக்டர்களின் நேரமும் இப்போது கேட்டால் கிடைக்கும். அதை எதற்குச் செலவழிப்பது என்பதுதான் முக்கியம். படிவத்துக்கா, படுக்கையில் இருப்பவருக்கா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் என்ன செய்தன என்று பாருங்கள். பெரிய ரத்தக்குழாயில் போடும் சென்ட்ரல் லைன் வழியாக வரும் தொற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கையைச் சுத்தம் செய்வது, நோயாளியை முழுத் துணியால் மூடிக் கவசம் அணிந்து குழாய் போடுவது, தோலைக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது, முடிந்தவரை தொடை இடுக்கில் போடாமல் இருப்பது, தேவை முடிந்ததும் எடுத்துவிடுவது. ஐந்தே ஐந்து விஷயம், எல்லாமே எல்லாருக்கும் முன்பே தெரிந்தவை. 1,000 குழாய் நாளுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் ஒரு குழாய் நாள்) 2.7 என்று இருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. 2006இல் இதை வெளியிட்டபோது பலர் ஐந்து விஷயங்களைத்தான் கவனித்தார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஒரு படியை டாக்டர் விட்டுவிட்டால், அவசரம் இல்லாத பட்சத்தில், வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை அங்கே நர்ஸிடம் கொடுத்திருந்தார்கள். 14 வருடம் வார்டில் நின்ற உங்களுக்கு அதன் அர்த்தத்தை நான் விளக்கத் தேவையில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதை எவ்வளவு பின்பற்றுகிறோம் என்று எல்லா மருத்துவமனையும் பொதுவில் அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. 101 மருத்துவமனைகளின் கணக்கு 2014இல் வெளியானது. பட்டியலைப் பயன்படுத்துவதாக ஏறக்குறைய எல்லாரும் அறிக்கை கொடுத்திருந்தார்கள், இறப்பில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஒரே தாள்தான். ஓரிடத்தில் கத்தி வைக்குமுன் எல்லாரும் நின்று, பெயர் சொல்லி, நோயாளி யார், எந்தப் பக்கம் என்று வாய்விட்டுப் பேசினார்கள். மேலிருந்து உத்தரவாக வரும்போது அந்தப் பேச்சு மெல்லக் காணாமல் போய் டிக் மட்டும் மிஞ்சிவிடுகிற அபாயம் உண்டு. ஒன்டாரியோ முடிவுக்கு வேறு காரணங்களும் சொல்கிறார்கள். நான் பார்த்த அறுவை அரங்குகளை வைத்துச் சொன்னால், இதுதான் முதல் காரணமாக எனக்குப் படுகிறது.

உங்கள் தோழிகளின் புகாருக்கு வருகிறேன். அவர்கள் சொல்வது நியாயம். நாளைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வார்டில், ஒரே ஒரு நோயாளிக்கு, 24 மணி நேரத்தில் நர்ஸ்கள் நிரப்பும் எல்லாத் தாள்களையும் ஒரு மேசையில் பரப்பி வையுங்கள். ஒரே ரத்த அழுத்தம் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்று சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். நான் இப்படிப் பார்த்த ஒரு வார்டில் ஐந்து இடத்தில் இருந்தது. பிறகு ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கேள்வி: இதை யார் படிக்கிறார், படித்து என்ன செய்கிறார்? பதில் இல்லாத தாளை எடுத்துவிடலாம். தரப் புத்தகம் கேட்கிறதே என்பார்கள். புத்தகத்தைத் திறந்து அந்த வரியை நீங்களே படியுங்கள். பெரும்பாலும் அது வலி அளவிடப்பட வேண்டும் என்று சொல்லும், அதற்குத் தனி ரிஜிஸ்டர் போடு என்று சொல்லாது. ரிஜிஸ்டர் எல்லாம் நாமாகச் சேர்த்துக்கொண்டவை, அல்லது ஆலோசகர்கள் விற்றுவிட்டுப் போனவை. வார்டில் ஒரு தாளைக் குறைத்துக் காட்டினால் அடுத்த நாள் நீங்கள் சொல்வதைக் கேட்பார்கள்.

அந்த நேரத்தை மூன்று நான்கு விஷயங்களில் போடுங்கள், எல்லாவற்றிலும் போடாதீர்கள். என்னைக் கேட்டால் முதலில் ஆள் அடையாளம். மருந்து, ரத்தம், பரிசோதனை எதுவானாலும் பெயரையும் இன்னொரு அடையாளத்தையும் கேட்டபிறகுதான். ‘ஏழாம் பெட்’ என்று நோயாளியைக் கூப்பிடும் பழக்கம் ஒழிய வேண்டும், ஏனென்றால் பெட் மாறும், மனிதர் மாற மாட்டார். அடுத்தது, அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு வார்டு அலமாரியில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பார்வைக்குச் சாதாரண ஊசி மருந்து மாதிரி இருக்கும், கலக்காமல் நேராகப் போட்டால் இதயம் நின்றுவிடும். வார்டில் அது இல்லாமல் இருப்பதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. இதற்கு ஒரு படிவமும் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது, போனில் டாக்டர் சொல்லும் மருந்தை எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டி, அவர் ஆமாம் என்ற பிறகே கொடுப்பது. கைச்சுத்தம் நான்காவது. அதற்கு போர்டு எழுதி ஒட்டுவதைவிட, ஒவ்வொரு படுக்கையின் கைக்கெட்டும் தூரத்திலும் ஹேண்ட்ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) பாட்டில் இருக்கிறதா, காலியாக இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது பலன் தரும்.

தவறுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஒழுங்காக வேலை செய்தால் முதல் இரண்டு மாதத்தில் சம்பவ அறிக்கைகளின் எண்ணிக்கை கூடும். நிர்வாகம் பதறும். பதறவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நடப்பது கூடவில்லை, சொல்வது கூடியிருக்கிறது. 1999இல் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ என்ற அமெரிக்க நிறுவனம், தவிர்க்கக்கூடிய மருத்துவப் பிழைகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் வருடத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. அந்த அறிக்கை ஆட்களைத் தேடித் தண்டிக்கச் சொல்லவில்லை. நல்ல ஆட்களைத் தவறவைக்கும் ஏற்பாட்டைத் திருத்தச் சொன்னது. அறிக்கை எழுதிய நர்ஸுக்கு ஒரே ஒரு முறை மெமோ கொடுத்துப் பாருங்கள், அதன்பிறகு உங்கள் மேசைக்கு எந்த உண்மையும் வராது. அப்படி ஒரு மெமோ வராமல் தடுப்பதும் உங்கள் வேலையில் சேர்த்திதான்.

வார்டுக்குத் திரும்புவதா என்றால், இப்போது வேண்டாம் என்பது என் யோசனை. வார்டு தெரியாதவர் அந்த நாற்காலிக்கு வந்தால் படிவங்கள் இன்னும் இரட்டிப்பாகும். ஆனால் வாரத்தில் ஒரு ஷிஃப்டாவது வார்டில் நின்று வேலை செய்ய அனுமதி வாங்குங்கள். முடிந்தால் நைட் ஷிஃப்டாக இருக்கட்டும். காட்சிக்காகச் செய்யும் வேலை எது, உண்மையில் நடக்கும் வேலை எது என்று இரவு 3 மணிக்குத்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? சத்தம் போடாமல், மரியாதையாக, எழுத்தில் கொடுங்கள்: “இந்தத் தேதிகளுக்கான கண்காணிப்பு நடைபெறவில்லை. எனவே அவற்றைப் பதிவு செய்ய என்னால் இயலாது. இன்றிலிருந்து கண்காணிப்பைத் தொடங்குகிறேன்.” இந்த மூன்று வரியை மருத்துவக் கண்காணிப்பாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பெரும்பாலான இடங்களில் எழுத்தில் வந்ததும் பேச்சு மாறிவிடும். அதற்குப் பிறகும் வேறு யாரையாவது வைத்து உங்கள் பெயரில் நிரப்பினால், அன்றைக்கு அந்தப் பதவியை விடுங்கள். 14 வருடம் சம்பாதித்த பெயரை ஒரு ஃபைலுக்காகக் கொடுத்துவிடக் கூடாது.

கடைசியாக, துப்புரவுப் பணியாளர்கள். அவர்கள் பயப்படுவது மனப்பாடம் செய்யச் சொல்வதால்தான். பல ஆய்வாளர்கள் இப்போது பின்பற்றும் முறை, ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் அவசரப் பிரிவில் நுழைந்ததிலிருந்து ஆய்வகம், அறுவை அரங்கு, வார்டு என்று அவர் போன வழியே போய், எதிர்ப்படுகிறவர்களிடம் பேசுவது. கேள்வி முன்கூட்டியே தெரியாது. எனவே மனப்பாடம் உதவாது. கொள்கை வாசகம் எதையும் அவர்களிடம் கொடுக்காதீர்கள். ஒரு நாள் மாலை அவர்களோடு தரையில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றி, “இது ரத்தம் என்று வைத்துக்கொள்வோம், என்ன செய்வீர்கள், காட்டுங்கள்” என்று கேளுங்கள். கையுறை எங்கே, கிருமிநாசினி எங்கே, எந்த நிறப் பையில் போட வேண்டும் என்று அவர்களே நடந்து காட்டட்டும். தவறினால் அங்கேயே திருத்துங்கள், சிரிக்காமல். இரண்டு மூன்று முறை செய்தால் போதும். ஆய்வாளர் கேட்கும்போதும் வாயால் பதில் சொல்ல வராவிட்டால், “வாங்க, காட்டுறேன்” என்று கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். தெரியாததைக் கேட்டால், “எனக்குத் தெரியாது, இன்சார்ஜ் சிஸ்டரைக் கேட்டுச் செய்வேன்” என்று சொல்லலாம். நான் ஆய்வுக்குப் போன இடங்களில் அந்தப் பதிலைச் சரியான பதிலாகவே குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.